கருப்பணாருக்கு எந்த ஒயின்

மோகனூர் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தவர் மடியில் துணிப்பை.

"கருப்பணாருக்கு இந்த வருசம் பிராந்திக்குப் பதிலா ஒயின் படைக்கறமுங்க," என்றார் அவர். "நாசிக்குக்கு லாரி ஓட்டிட்டுப் போன பையன் செவப்பு ஒயின்ல ரெண்டு ரகம் வாங்கியாந்தான்."

"எது நல்லாருக்குதுங்க?"

"ஒண்ணு நாவப்பழமாட்டத் துவர்த்து நாக்கைப் புடிச்சு இழுக்குதுங்க. இன்னொண்ணு கெட்டியா, வழவழன்னு எறங்கி, அப்புறம் ரொம்ப நேரம் தொண்டையிலயே நிக்குது."

"சாமிக்கு எது?"

"நாக்கை இழுக்கறதுதானுங்க. கருப்பணாருக்கு அதுதான் ஒக்கும்."

"ஏனுங்க, வாய் வெச்சுப் பார்த்த பாட்டிலைச் சாமிக்குப் படைக்கலாமுங்களா?"

ஜன்னலோரத்தவர் பையைத் திறந்து பார்த்தார். இரண்டுமே மூடி திறந்த பாட்டில்கள்.

பையை மூடிவிட்டுக் கேட்டார்.

"மோகனூர்ல பிராந்திக் கடை தொறந்திருக்குமுங்களா?"