தூசு படியாத நூலகம்

எனக்குத் தூசு ஆகாது, ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பக்கத்தில் யாராவது சாக்கை உதறினால் போதும், பொழுதுக்கும் தும்முவேன். நூலகருக்கு இது ஆகாத குறைதான். ஆனால் வேலை அங்கேதான் கிடைத்தது.

எங்கள் பல்கலைக்கழக நூலகம் இருப்பது வெள்ளைக்காரன் காலத்துத் தாலுக்கா கச்சேரியில். கூரை ஒழுகி, வௌவால் அடைந்து கிடந்ததைப் பூட்டிப் போட்டு, 2004-இல் புதுப்பித்துக் கொடுத்தார்கள். சுண்ணாம்புச் சுவர், தேக்கு அலமாரி, முகம் தெரிகிற தரை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். அழுகையே வந்துவிட்டது. அதற்குள் பழைய புத்தகங்களைக் கொண்டுபோய் அடுக்கச் சொன்னார்கள். கை பட்டாலே உதிருகிற மஞ்சள் தாள்கள். கல்யாணப் பெண்ணுக்குக் கந்தல் கட்டுகிற வேலை என்னால் ஆகாது.

அதிலும் மோசம், உங்களிடம் புகார் கொடுத்த ஜைத்தூன் பீவி அம்மாவின் கணவர் புத்தகங்கள். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அமீனுதீன். தன் காலத்துக்குப் பிறகு எல்லாம் நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சில் கிறுக்கல்.

விருத்தாசலத்தில் பீங்கானுக்கா பஞ்சம்? பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் சுடுகிற மாயவனிடம் போய், அலமாரியில் நிறுத்தப் பீங்கானிலேயே புத்தக முதுகுகளை வரிசை வரிசையாக வார்த்துத் தரச் சொன்னேன். பொம்மைக்குக் கண் எழுதுகிற கனகா தலைப்புகளை எழுதினாள். பழக்க தோஷம், மெய்யெழுத்துப் புள்ளிக்கெல்லாம் இமை வைத்துவிட்டாள். தாவரவியல் வரிசை இன்றைக்கும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மாயவன் அப்போது சூளைக்கு விறகு கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தான். நான் இறக்கிய பழைய புத்தக மூட்டைகளைப் பார்த்து, "கழிச்சு வுட்டதா சார்?" என்றான். ஆமாம் என்றேன்.

"வெறுந்தாளு நின்னு எரியாது சார். அட்ட போட்டதா பாத்துக் குடுங்க."

நியாயமான பேச்சு. அட்டை போட்டதை முதலில் கொடுத்தேன். அப்புறம் பாகுபாடு எதற்கு என்று மிச்சத்தையும் கொடுத்தேன். அமீனுதீன் பெயரை மட்டும் ஒரு வரிசைக்கு மேலே எழுதி வைத்தேன். நன்றி மறக்கிறவன் இல்லை நான்.

திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் இப்படியொரு நூலகத்தைப் பார்த்ததே இல்லை என்றார்கள். உண்மைதானே? மாணவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடினார்கள். ஒருவரும் ஒரு புத்தகத்தை உருவிப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் நான் தும்மவே இல்லை, ஐயா.

பிறகுதான் அந்தம்மா மகள் மஹிராவோடு வந்தார்.

"தம்பி, எனக்கு எழுத்து தெரியாது. எங்க வூட்டுக்காரரு எந்நேரமும் பொஸ்தகத்துல என்னமோ எழுதிக்கிட்டே இருப்பாரு. என்னாங்கன்னு கேட்டா, உன்னப் பத்திதான் புள்ளன்னு சிரிப்பாரு. அவரு போனப்ப இவ சின்னப் புள்ள. நெசமாவே என்னப் பத்தித்தான் எழுதுனாரான்னு தெரிஞ்சுக்கணும். ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க, இவ படிச்சுச் சொல்லட்டும்."

நாளைக்கு வாருங்கள் என்று மழுப்பினேன். அதற்குள் மஹிரா தன் அப்பா பெயர் எழுதிய வரிசையை அம்மாவுக்குக் காட்டிவிட்டாள். அந்தம்மா ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

"என்னா தம்பி, சில்லுனு இருக்குது?"

மஹிரா ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வரிசை மொத்தமும் வந்து தரையில் விழுந்து நொறுங்கியது. நான் குனிந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"அப்ப அவரு பொஸ்தகமெல்லாம் எங்க?"

மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சூளையில் போட்டேன் என்றேன்.

"ஒரு பக்கமாச்சும் படிச்சீங்களா தம்பி?"

தூசு ஆகாதும்மா என்றேன். முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தது. மனசு ஆறட்டும் என்று, அவர் புத்தகங்கள்தான் நன்றாக நின்று எரிந்தன, அந்த வரிசைக்கு வந்த பளபளப்பு வேறெதற்கும் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

அதற்குப் போய் அந்தம்மா ஏன் அப்படித் தலையில் அடித்துக்கொண்டு அழுதார் என்று எனக்கு விளங்கவில்லை, ஐயா. உடைந்தது என்னவோ என் வரிசைதான்.