ஏரி பார்க்க வந்தவங்க

பொண்ணு ஏரிக்கரையில குடியிருந்தா... அப்புறம் என்னமோ சொல்வாரே மச்சான் உங்கப்பா, எல்லாரும் சிரிப்பீங்களே? எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு. சொந்தக்காரங்களுக்கு ஏதோ லாபம்னு முடியும். விடுங்க. கார் கண்ணாடிய ஏத்திக்குங்க, பின்னாடி பசங்க தூங்குதுங்க.

மூணு நாள்தானே? தாராளமாப் பார்க்கலாம். காலையில ஆறரைக்கே படகுத்துறைக்குப் போயிடுங்க. எட்டாச்சுன்னா வரிசை பாலம் வரைக்கும் நிக்கும். மிதிபடகு வேணாம், நடு ஏரியில போய் முட்டி பிடிச்சுக்கும். மோட்டார் படகுல இடது பக்கமா உக்காருங்க, வெயில் அடிக்காது. மத்தியானம் மீன் காட்சிசாலை. சாயங்காலம் குன்று மேல ஏறினா ஊர் மொத்தமும் தெரியும். போட்டோக்காரன் கையப் பிடிச்சு இழுப்பான், காது கேக்காத மாதிரி போயிட்டே இருங்க.

எல்லாம் அத்துப்படியாங்கிறீங்களா? பின்ன? ஒன்பது வருஷம் மச்சான். லீவு விட்டா யாராவது பெட்டியோட வந்து இறங்குவீங்க. நான் கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன், உங்க தங்கச்சி வீட்டுல வடிச்சுக் கொட்டுவா. போன கோடையில மட்டும் முப்பத்தோரு பேர். போர்வையெல்லாம் துவைச்சு மாடியில போட்டா, லாண்டரி வச்சிருக்கீங்களான்னு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாரு. அவ இன்னிக்கு வரைக்கும் படகுல ஏறினதில்ல. சத்தியமா. வர்றியான்னு நீங்க யாரும் கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல, என்னையும் சேர்த்துத்தான் திட்டுறேன்.

வெளிநாட்டுல நல்லாத்தான் இருந்தோம். அண்ணன் தம்பி முகம் பார்க்கிற தூரத்துல இருக்கணும்னு அடம் பிடிச்சு என்னக் கூட்டிட்டு வந்தவ அவ.

உடம்பா? இப்ப பரவால்ல. தையல் பிரிச்சாச்சு. கனமா எதுவும் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. இருபத்திரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. கதவு திறக்கும்போதெல்லாம் தலையத் தூக்கிப் பார்ப்பா, நர்ஸா இருக்கும். ஆமா, போன் பண்ணீங்க, இல்லேங்கல. டிக்கெட் கிடைக்கலன்னீங்க. இந்தத் தடவை கிடைச்சிருச்சு பாருங்க, நாலு டிக்கெட்.

என்ன, ரோடு மாறுதுன்னு பாக்குறீங்களா? வீடு இந்தப் பக்கம் இல்லதான். லாட்ஜுல ரெண்டு ரூம் சொல்லியிருக்கேன், சன்னலத் திறந்தா தண்ணிதான். ஐயோ, கோபமெல்லாம் இல்ல மச்சான். நாளைக்கு வந்து தங்கச்சியப் பாருங்க, யாரு வேணாங்கிறா? உக்கார நாற்காலிதான் இருக்காது, எல்லாத்தையும் கட்டி வச்சாச்சு. அவளுக்குத் தெரியாமலா? முதல் பெட்டியக் கட்டினதே அவதான்.

கம்பெனியில கேட்டு, பார்க்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாத ஊராப் பார்த்து மாத்தல் வாங்கிட்டேன். வெள்ளிக்கிழமை போறோம்.