காமிராக்காரர் சிரித்த காட்சி

கிட்ட வாங்க எல்லாரும். அடுப்புல மிச்சம் இருக்கிற கரி இவ்வளவுதான். ஹெட்விக், நடுவுல வாயைத் திறந்தே... எழுந்து போயிடுவேன், ஆமா.

நம்ம ஸ்டுடியோ தையல்காரி லீஸ்பெத் இருக்காளே, அவ அண்ணன் எம்மெரிக்குக்கு நடந்தது இது. போன அக்டோபர். காலையில ஆறு மணி. ரயிலை விட்டு இறங்கினா பைன் மரக் காட்டுக்கு நடுவுல மணல் பாதை... அண்ணனும் தங்கச்சியும் மட்டும்தான். ஒரே பனி. காலடியில மணல் நறநறன்னு... வேற சத்தமே இல்லை.

பாதை முடியற மணல் பள்ளத்துலதான் படத்துக்குப் போட்ட கோயில் செட். இந்தியாவாம்! கட்டினவன் எவனும் பெர்லினைத் தாண்டினதில்லை. பெரிய படம் ஒண்ணு அங்க எடுத்து முடிச்சாச்சு. இடிக்கிறதுக்கு முன்னாடி, அதே கோயில்ல ரெண்டே நாள்ல ஒரு சிரிப்புப் படத்தையும் எடுத்துடறது நம்ம ஆளுங்க வழக்கம்தானே?

எம்மெரிக்குக்கு அதுதான் முதல் கதாநாயகன் வேஷம். வழி தப்பி வந்த பெர்லின் கசாப்புக்கடைக்காரன். சாமி சிலையோட வாய்க்குள்ள விழுந்த தொத்திறைச்சியை எடுக்கணும். முந்தின நாள் ஏழு தடவை எடுத்தும் காமிராக்காரர் ஹோல்ட்ஸ் உதடு அசையலை. அவர் சிரிச்சாத்தான் காட்சி படத்துல நிக்கும். "நாளைக்கும் அந்த மனுஷன் சிரிக்கலைன்னா உன் இடத்துல வேற ஆளைப் போட்டுடுவேன்"னு டைரக்டர் ஷ்ராம் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார்.

பாவம், பாதை பூரா அதே புலம்பல். "இதுவும் போச்சுன்னா மறுபடி சாராயக்கடையில தட்டு கழுவ வேண்டியதுதான்டி."

அந்தச் சிலை இருக்கே... சாக்குத்துணி, அது மேல சுண்ணாம்புப் பூச்சு, அவ்வளவுதான். ஒரு ஆள் நுழையற அளவு வாய். பின்னாடி நாலு முட்டுக்கட்டை, அப்புறம் வெட்டவெளி. முந்தின நாள் வாய்க்குள்ள பார்த்தா வெளிச்சம் தெரிஞ்சுது. அன்னிக்குத் தெரியலை. பாழுங்கிணத்து வாசனை வேற...

"அண்ணா, வேண்டாம்."

"சும்மா இருடி."

காமிரா கடகடன்னு சுத்துது. எம்மெரிக் உள்ள கையை விட்டான்... அப்படியே நின்னான். மெதுவாத் திரும்பினான். மூஞ்சியில ரத்தமே இல்லை.

"யாரோ கையைப் பிடிச்சிருக்காங்க! இழுங்க! என்னை வெளிய இழுங்க!"

நம்ம படத்துல சத்தம் ஏது? நடிக்கிறவன் என்ன கத்தினாலும் யார் காதுல போட்டுக்கிறா? ஷ்ராம் பதிலுக்குக் கத்தறார், "பிரமாதம்! வாயை இன்னும் அகலமாத் திற!" தோள் உள்ள போச்சு... தலை போச்சு... ஹோல்ட்ஸ் சிரிச்சார். கைப்பிடியைச் சுத்திக்கிட்டே, கண்ணுல தண்ணி வர சிரிச்சார். அவரைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க. லீஸ்பெத் ஒருத்திதான் ஓடினா. அவ கையில ஒரு ஷூதான் மிஞ்சிச்சு.

பின்னாடி ஓடிப் பார்த்தாங்க. முட்டுக்கட்டை. ஈர மணல். ஒரு காலடித் தடம் கூட இல்லை. போலீஸ் வந்து பள்ளம் பூரா தோண்டிப் பார்த்துட்டுப் போச்சு.

படுபாவிங்க, படத்தை நிறுத்தலையே! அதே காட்சியோட தியேட்டர்ல விட்டுட்டாங்க. தினம் சாயங்காலம் லீஸ்பெத் தியேட்டர்ல போய் உட்கார்றா, அண்ணன் முகத்தைப் பார்க்க. முதல் வாரம் முழுசாத் தெரிஞ்சானாம். அடுத்த வாரம், காட்சி ஆரம்பிக்கும்போதே பாதி ஆள் உள்ள... அப்புறம் ஒரு கால் மட்டும்...

நேத்து நானும் கூடப் போனேன். திரையில கோயில் படிக்கட்டு இருந்தது. சிலை இருந்தது. எம்மெரிக் இல்லை.

ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சுது.