பத்து நாற்பத்தொன்றுக்கு வெளியேறியவர்

என் வருகை அட்டையை எலி கடிக்கவில்லை, அம்மா. எங்கள் நேர அலுவலகத்தில் எலி கிடையாது. தினமும் நானே பெருக்குகிறேன். பத்து நாற்பதுக்கு நான் நாற்காலியிலிருந்து விழுந்தேன். பத்து நாற்பத்தொன்றுக்கு வேலை முடிந்து வெளியேறிவிட்டதாக அட்டை சொல்கிறது. ஓரத்தில் பல்தடம் வேறு. இது எப்படி என்று விசாரணை அதிகாரியான உங்களுக்கே பிடிபடவில்லை. பிடிபடும்வரை, முறிந்த என் இரண்டு கைகளுக்கும் இழப்பீடு கிடையாது என்கிறீர்கள். நியாயம்தான். முதலிலிருந்து சொல்கிறேன்.

இழப்பீட்டுச் சட்டம் மிக அழகான ஏற்பாடு. தவறு யாருடையது என்று துருவிக்கொண்டிருக்காது. வேலை நேரத்தில், வேலையால் வந்த காயமா என்பதைத்தான் பார்க்கும். எங்கள் தகர டப்பாத் தொழிற்சாலையில் வேலை நேரத்தைச் சொல்வது வாசலில் இருக்கும் அட்டைக் கடிகாரம். வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை அட்டையைச் செருகினால் டக்கென்று நேரம் அச்சாகும். அதற்குப் பொறுப்பு நான். அவ்வளவு பெரிய சட்டம் இந்தச் சின்ன டக்கில் தொங்குகிறது என்று புரிந்த அன்று, சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

யாராவது அலறினால் எல்லோரும் அலறல் வந்த பக்கம் ஓடுவார்கள். நான் அட்டைப் பலகைக்குப் போவேன். அடிபட்டவரின் அட்டையை உருவி, ஒரு டக். அதற்குப் பிறகுதான் முதலுதவிப் பெட்டி. வேலை முடித்துப் போனவருக்கு அடிபட்டால் அது அவர் சொந்த விஷயம். முதலாளிக்குக் காப்பீட்டுத் தவணை ஏறாது. பதினொரு வருஷமாக எங்களிடம் விபத்தே இல்லை. இதற்காக நான் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

மூடி அழுத்தும் இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்ட பெண் மட்டும் கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். நிறுத்தும் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"அண்ணே, கை உள்ள இருக்கு. மெஷின நிறுத்தாம எங்க போறீங்க?"

"உன் வேலையாத்தாம்மா போறேன்" என்றேன்.

போய்வர ஒரு நிமிடம் ஆனது. அந்த இயந்திரம் நிமிடத்துக்கு முப்பது மூடி அழுத்தும். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். தன்னால் உரிக்க முடியாது என்றாள். நானே உரித்துக் கொடுத்தேன்.

இனி என் விஷயம். சுவர்க்கடிகாரத்தைத் துடைக்க ஏறியபோது நாற்காலி சறுக்கியது. விழுந்ததும் அலறினேன். அலறல் காதில் விழுந்ததுமே, அது யாருடையது என்றுகூடப் பார்க்காமல், எழுந்து அட்டைப் பலகைக்குப் போய்விட்டேன். பழக்கம். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அதனால் அட்டையைப் பல்லால் கவ்வி உருவி, கடிகாரத்தில் செருகினேன். பிறகுதான் ஆளைக் கூப்பிட்டேன். என் அட்டையைப் போட்டது நான். இந்தப் பதினொரு வருஷத்தில் அடிபட்ட மற்ற பத்தொன்பது பேரின் அட்டைகளைப் போட்டதும் நானேதான்.

என்னுடையதை மட்டும் திருத்தினால் போதும், அம்மா. அவர்களுடையது எல்லாம் கையால் ஒழுங்காகப் போட்டவை.