இருமல் தலையணை

தலையணை தைப்பது பார்ப்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். நான்கு ஓரமும் தைத்துப் பஞ்சை அடைத்தால் முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன். என் மனைவி முப்பது தலையணைகளைத் தைத்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் பஞ்சைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் போட்டாள்.

விசாரணையில் நீங்கள் கேட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன். இதய அறுவை சிகிச்சையில் நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, வேலை முடிந்ததும் கம்பியால் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு இருமினால் உயிர் போகிற வலி. ஆனால் சளி வெளியே வர இருமித்தான் ஆகவேண்டும். எதையாவது நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்வோம். எங்கள் பிரிவில் சுருட்டிய துண்டு கொடுப்பது வழக்கம். அதற்குப் பதில் தலையணை கொடுத்தால் வலி குறையுமா என்பதுதான் பெரிய டாக்டரின் ஆய்வு. முப்பது பேருக்குத் தலையணை, முப்பது பேருக்குத் துண்டு. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். உறையைப் பிரிக்கிற ஆய்வு உதவியாளன் நான். தினமும் நான்கு மணிக்கு நர்ஸ் வந்து இருமச் சொல்லி, பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டு எழுதிக்கொள்வார்.

முதல் பன்னிரண்டு பேர் முடிந்ததும் தாள்களைப் பார்த்தேன். துண்டு ஜெயித்துக்கொண்டிருந்தது.

சாப்பிடும்போது மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"துண்டா?"

"கொஞ்சம்தான் வித்தியாசம்."

"முகம் துடைக்கிற துண்டுகிட்ட நான் தோத்துட்டேன்னு எங்க அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது."

எண்களைத் திருத்துவது மோசடி. அதை நான் ஒருநாளும் செய்ததில்லை. தாள் தாளாக நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். நான் செய்தது, மூன்றே முக்கால் மணிக்குத் துண்டுக்காரர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஜோக் சொன்னது மட்டும்தான்.

நெஞ்செலும்பு பிளந்தவருக்கு இருமலைவிடக் கொடியது சிரிப்பு. இருமலுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துத் தயாராகலாம். சிரிப்பு சொல்லிக்கொண்டு வராது.

முதல் ஆள் ஒரு லாரி டிரைவர். அவரிடம் சொன்னேன்: "ஒருத்தர் ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட கேட்டாராம், 'என் இதயத்துல என் பொண்டாட்டிதான் குடியிருக்கான்னு எப்பவும் சொல்வேன். திறந்தப்ப பாத்தீங்களா?' டாக்டர் சொன்னாராம், 'பாத்தேன். இப்பதான் துடைச்சேன், கால் வைக்காதீங்கன்னாங்க.'"

டிரைவர் சிரித்தார். பிறகு அழுதார். பிறகு இரண்டையும் ஒன்றாகச் செய்தார். நர்ஸிடம் ஒன்பது என்றார்.

தலையணைக்காரர்களையும் நான் கவனிக்காமல் விடவில்லை. அவர்களுக்கு எங்கள் அலுவலக விடுப்பு விதிகளை வாசித்துக் காட்டினேன். பலர் அரைத்தூக்கத்திலேயே இருமினார்கள்.

மூன்றாவது வாரம் நர்ஸ் கேட்டார், "சார், உங்களைப் பாத்தாலே துண்டு பெட்டெல்லாம் போர்வையை இழுத்துப் போத்திக்குது. என்ன சொல்றீங்க அவங்ககிட்ட?"

"ஆறுதல்தான் சிஸ்டர்."

துண்டுக்காரர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் மசியவில்லை. நான்கு நாள் முயன்றேன். நான்காம் நாள், "இதுல சிரிக்கறதுக்கு என்னப்பா இருக்கு?" என்று கேட்டார். விளக்கினேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை பெரிய டாக்டர் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த நேரத்தில்தான் தலைமையாசிரியருக்குப் புரிந்தது. "இப்பதான் துடைச்சேன்," என்று முணுமுணுத்தார். அப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. கம்பி அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. திரும்பவும் தியேட்டருக்குள் கொண்டுபோய்க் கட்டினார்கள். இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். "அப்பா சிரிச்சு நாங்க பாத்ததே இல்ல சார்," என்று அவருடைய மகள் என்னிடம் சொன்னார். நான் அதை நன்றியாக எடுத்துக்கொண்டேன்.

ஆய்வு ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. சராசரி வலி துண்டுக்கு ஆறு புள்ளி எட்டு, தலையணைக்கு இரண்டு புள்ளி ஒன்று. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். இனி எல்லோருக்கும் தலையணைதான் என்று பெரிய டாக்டர் அறிவித்தார். மனைவி அன்று மாலையே அக்காவுக்குப் போன் போட்டாள், தெருவுக்கே கேட்டிருக்கும். ஆக, நான் செய்தது எல்லாம் மனைவிக்காக. என் இடத்தில் எந்தக் கணவன் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான்.

அடுத்த திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஏழாம் படுக்கையில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். அவர் எந்த ஆய்விலும் இல்லை. உறை கிடையாது, தாள் கிடையாது. என் மனைவி தைத்த தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. ஆனால் அவருக்குச் சிரிக்கிற முகம். நான் வீட்டில் ஜோக் சொன்னால், "முடிஞ்சுதா?" என்று கேட்பார்கள்.

பக்கத்துப் படுக்கைக்காரர் அவரிடம் ஏதோ சொல்லி வைத்திருக்கிறார் போல. என்னைக் கண்டதும், "சார், வேண்டாம் சார்," என்றார்.

நான் திரையை இழுத்து மூடிவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். மூன்று சொன்னேன். மூன்றுக்கும் சிரித்தார்.