பின்பக்கமாப் புகை விட்ட லூதுவான்

...இல்ல கோங் அண்ணே, நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் மொதல்ல பேசி முடிச்சுடுறேன். தியான்ஜின்ல இத்தனை பழம்பொருள் கடை இருக்கறப்ப உங்க கடையைத் தேடி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! இந்தாங்க, உங்க லூதுவான் மிருகத் தூபக்கால். ஒத்தக் கொம்பும் சிங்க மூஞ்சியுமா உக்காந்திருக்கற அழகைப் பாருங்க! கழுத்தைத் திறந்து சந்தனத்தூளைப் பத்த வச்சு மூடினா, வாய் வழியா புகை சும்மா ஜம்முன்னு வரும்னு சொன்னீங்களா இல்லையா? மிங் ராஜா காலத்து வெண்கலம்னு சொன்னீங்களா இல்லையா?

வந்துச்சுண்ணே புகை. எங்க வந்துச்சு? வாலுக்கு அடியில! பழைய வார்ப்புன்னா அங்க ஒரு சின்ன ஓட்டை இருக்கும்னு காட்டுனீங்களே, அது வழியா!

சிரிக்காதீங்க. புத்தாண்டு அன்னிக்கு வீடு நெறைய ஜனம். எங்க நாத்தனார் மெய்ச்சின் நடு நாற்காலியில. அவங்க எப்பவும் நடு நாற்காலிதான்... கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நான் எதை வாங்குனாலும் அதுல ஒரு நொட்டை. நான் கொழுக்கட்டை மடிச்சா அதை அவங்க பிரிச்சு மறுபடி மடிப்பாங்க! சரி, இது ஒண்ணாவது அவங்க வாயை அடைக்கும்னு வாங்கினேன். அவங்க பாத்துட்டு, "ஏம்மா, உன் மிருகத்துக்கு வயிறு சரியில்லையா?"ங்கறாங்க. என் வீட்டுக்காரரும் சேந்து சிரிக்கறாரு, மனுஷன்! இன்னிக்கு விளக்குத் திருநாள், சாயங்காலம் மறுபடி வர்றாங்க. அதுக்குள்ள வேற ஒண்ணு மாத்திக் குடுங்க.

என்ன, வாய்க்குள்ள ஊசியை விட்டுப் பாக்கறீங்க? அதெல்லாம் சுத்தமாத்தான் வச்சிருந்தேன். புத்தாண்டுக்கு எடுத்துக் காட்டணும்னு அடுப்படியில, அடுப்புச் சாமி படத்துக்குப் பக்கத்துல ஒளிச்சு வச்சிருந்தேன்...

ஆங், அதா? அது பாகுண்ணே. பார்லிப் பாகு. வருஷக் கடைசியில அடுப்புச் சாமியை மேலோகத்துக்கு அனுப்புற அன்னிக்கு, நம்ம வீட்டுக் கதையை அங்க போயி ஒப்பிக்கக் கூடாதுன்னு படத்து வாயில தடவுவோமே, அது. மீந்து போச்சு, இதுக்கும் நாலு விரல் தடவினேன். பின்ன? எட்டுத் திசை பாஷையும் இதுக்குத் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க! நாத்தனாரைப் பத்தி அடுப்படியில நின்னு நான் பேசுற பேச்சையெல்லாம் பக்கத்துலேயே இருந்து கேட்டிருக்கு, சும்மா விடச் சொல்றீங்களா?

...அட. அட, அட! டீத்தண்ணி ஊத்துனதும் கரையுதே. இருங்க, பத்த வைங்க... வருது! வாய் வழியா வருதுண்ணே! அய்யய்யோ, எம்புட்டு அழகு... உங்களைப் போயி என்னென்னமோ பேசிட்டேனே. பேசினதை விடுங்க, காகிதத்துல சுத்துங்க, நேரமாச்சு.

என்னது? இன்னும் கொஞ்சம் பாகு வேணுமான்னு கேக்கறீங்களா? ஏன், சாயங்காலம் அவங்க முன்னாடி வாயைத் திறந்து எல்லாத்தையும் சொல்லிடுமோன்னா?

வேணாம்ண்ணே. சொல்லட்டும். பதினெட்டு வருஷமா எனக்குத்தான் தைரியம் வரல.