தம்பிக்கு ஒரு குதிரை

எதையும் கடைசி நேரத்தில் வாங்குவது எனக்குப் பிடிக்காது, ஐயா. இருபத்திரண்டு வருடமாக எங்கள் ஹோட்டல்களின் சமையலறைக்குக் கொள்முதல் என் கையில்தான். கப்ஷகாய் ஏரிக்கரையில் ரௌஷான் என்று என் பெயரைச் சொன்னால் உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவன்கூட சிகரெட்டை அணைத்துவிடுவான்.

தகப்பன் வீடு கடைக்குட்டி மகனுக்கு. நம் வழக்கம் அது. நான் குறை சொல்லவில்லை. எங்கள் விஷயத்தில் வீடு என்றால் மூன்று சூதாட்ட ஹோட்டல்கள், பாதி எழும்பி நிற்கும் நான்காவது ஒன்று. அப்பா டோலேகென், வெள்ளிக்கிழமை சொந்தபந்தம் கூடும்போது, உள்ளங்கைகளை விரித்துப் பாத்தா சொல்லி, எல்லாவற்றையும் தம்பி எர்கெபுலானிடம் கொடுப்பதாக இருந்தார். பாத்தா என்கிற அந்த ஆசியைச் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டால் முடிந்தது. யாரும் திரும்ப வாங்க முடியாது.

அதில் எனக்கு வருத்தமே இல்லை. என் வருத்தமெல்லாம் ஜன்னல்தான்.

புது ஹோட்டலின் பதினோராம் மாடியில் சூதாட்டக் கூடம் வருகிறது. அங்கே ஏரியைப் பார்த்த சுவரை இடித்து, ஒரு லாரி நுழைகிற அளவுக்குத் திறப்பு விட்டிருந்தான் தம்பி. கண்ணாடிதான் பாக்கி.

“ஆட வர்றவங்க சூரியன் மறையறதப் பாக்கட்டும்க்கா. அழகா இருக்கும்.”

“பொழுது சாயறது தெரிஞ்சா பொண்டாட்டி ஞாபகம் வரும்டா. எழுந்து போயிடுவான்.”

“போகட்டுமே, பாவம்.”

பாவமாம். சூதாட்ட ஹோட்டல் முதலாளி பேசுகிற பேச்சா அது? சுவர்க்கடிகாரமும் மாட்டப் போகிறானாம். மற்ற மூன்று ஹோட்டல்களிலும் ஜன்னல் வைக்கப் போகிறானாம்.

“நீயும் உழைச்சது போதும்க்கா. வெள்ளிக்கிழமைலேர்ந்து வீட்ல ரெஸ்ட் எடு,” என்றான், அன்பாகத்தான்.

இது செவ்வாய்க்கிழமை. அன்று மதியமே குதிரை மேய்க்கும் ஒராஸ்பெக் தாத்தாவுக்குப் போன் செய்தேன். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் குதிரைக் கறி போடாமல் முடியுமா?

“குதிரை எதுக்கு கண்ணு?” என்றார். கல்யாணத்துக்கு ஒரு மாதிரி, சாவுக்கு ஒரு மாதிரி பார்த்துத்தான் பிடிப்பார். சாப்பாட்டு விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை.

“தம்பி சாவுக்கு தாத்தா. வியாழக்கிழமைக்கு வேணும்.”

செய்தி காதில் விழுந்தபின் பெரிய மனிதர் சும்மா இருப்பாரா? அதை நான் யோசிக்கவில்லை. புதன்கிழமை நண்பகல், குதிரையோடு எங்கள் ஹோட்டலுக்கே வந்து இறங்கிவிட்டார். துக்க வீட்டுக்கு எப்படி வர வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும். வாசல் தெரியும் முன்பே அழுகையைத் தொடங்கிவிட வேண்டும்.

“என் மலை சாஞ்சிடுச்சே, என் சிங்கக்குட்டி போயிடுச்சே” என்று கதறிக்கொண்டே, பெட்டிகளோடு நின்ற விருந்தாளிகளை விலக்கி, எதிரே வந்தவனைக் கட்டிக்கொண்டார். எதிரே வந்தவன் எர்கெபுலான். அழுகிறவரைக் கட்டிக்கொண்டு கூட அழுவதுதானே மரியாதை? அவனும் அழுதான். இரண்டு பேரும் நன்றாக அழுது முடித்தபின் கேட்டான்:

“யாரு தாத்தா போயிட்டாங்க?”

“நீதான்டா.”

துக்கம் கேட்க வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று, செத்தவனே உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினான். “அக்கா, என் குதிரை நல்லா கொழுப்பா இருக்கா, பாத்தியா?” என்று என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

“தாத்தாவுக்கு வயசாயிடுச்சு, ஏதோ குழப்பம்,” என்றேன்.

ஒராஸ்பெக் தாத்தா கிண்ணத்தைக் கீழே வைத்தார். “குழப்பம் எனக்கில்ல, கண்ணு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். குதிரையைச் சமையலறைக்குப் பின்னால் கட்டச் சொன்னேன்.

வியாழக்கிழமை மதியம் பதினோராம் மாடிக்குப் போனோம், நானும் தம்பியும். அவனுடைய ஜன்னலில் அவனைப் போட்டோ எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஏரி முழுதாக விழ வேண்டுமே. ஒரு அடி பின்னால் போகச் சொன்னேன். போனான்.

சாவு விருந்துக்கு முந்நூறு பேர் வந்தார்கள். கறி மெத்தென்று இருந்ததாக முல்லாவே சொன்னார். சாப்பாடு முடிந்ததும் அப்பா எழுந்து, உள்ளங்கைகளை விரித்தார். “எனக்கு இனி ரௌஷான்தான். எல்லாம் அவளுக்கு,” என்று பாத்தா சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். ஆகவே அப்பாவைக் கூப்பிட்டு விசாரிப்பதில் பயனில்லை. அவரே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. மறுநாளே அந்தத் திறப்பைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன்.

ஒராஸ்பெக் தாத்தா உங்களிடம் வந்து, நான் எந்தக் கிழமை குதிரை கேட்டேன் என்பதுவரை சொல்லிவிட்டார் என்று தெரியும். கோபமில்லை. நாணயமான மனிதர். இனியும் குதிரை அவரிடம்தான்.

வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். தள்ளினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. ஒரு அடி போகச் சொன்னேன்; அரை அடி போய், “போதும்க்கா,” என்று நின்றுவிட்டான். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதில் பாதிதான் கேட்பான். மீதிப் பாதிக்குத்தான் கை வைத்தேன்.